இடது பக்கம் திரும்பவா, டாக்டர்?

...அதான் சொல்றேனே மேஸ்திரி, கட்டிலத் தொடாதீங்க. மொதல்ல அந்த ஃபேனக் கழட்டுங்க. என்னது? கழட்டியாச்சா? எப்ப? ஓ... அதான் இப்படி வேர்க்குதா! நான் என்னமோ எனக்குத்தான் முடியலயாக்கும்னு பயந்துட்டேன். சரி, ஜன்னல் கதவு? அதுவும் போச்சா! நல்ல வேகம்தான். இதே வேகத்துல இந்த ஆஸ்பத்திரில ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்திருந்தா எத்தன பேரு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஸ்பானரக் கீழ வைங்க. அதக் கையில வச்சுக்கிட்டு கால்மாட்டுல நின்னா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. உக்காருங்க. ஸ்டூல் இல்லையா? அதையும் எடுத்துட்டுப் போயிட்டீங்களா? அப்ப நீங்கதான் நிக்கணும், நான் என்ன பண்றது.

முப்பத்திரெண்டு கட்டில் இருந்த வார்டு இது. நேத்து சாயங்காலம் பதினோரு பேரு இருந்தோம். காலையில கண்ண முழிச்சுப் பாக்கறேன், நான் ஒருத்தன். எதிர் கட்டில்காரர் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாது? ஒரு மாசமா அவரோட கொறட்டைய நான் கேட்டிருக்கேன். ஒரு மரியாதை வேணாம்?

தெரியும், தெரியும். பன்னண்டு மணிக்குள்ள வார்ட உங்ககிட்ட ஒப்படைக்கணும், இடிக்கற வண்டி வாசல்ல நிக்குது. ஹெட் சிஸ்டர் மூணு தடவ சொல்லிட்டாங்க. நானும் மூணு தடவ சரின்னுட்டேன். சரின்னு சொல்றதுல எனக்கு எப்பவுமே கஷ்டம் இருந்ததில்ல.

இந்தத் தலகாணிக்கு அடியில ஒரு பேப்பர் இருக்கு மேஸ்திரி. அதுல கையெழுத்துப் போட்டா புது பில்டிங், நாலாவது மாடி, நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தற எடம். போடலன்னா வீட்டுக்கு. நடுவுல ஒண்ணும் கெடயாது. பழைய ஆஸ்பத்திரில நடுவுல எவ்வளவோ இருந்துச்சு. 'பாக்கலாம்' இருந்துச்சு, 'அடுத்த மாசம்' இருந்துச்சு, 'சீஃப் லீவு' இருந்துச்சு. புது பில்டிங்ல அதுக்கெல்லாம் எடம் ஒதுக்கல.

நீங்க புது பில்டிங் உள்ள போயிருக்கீங்களா? இல்லையா? நீங்கல்லாம் இடிக்கற கோஷ்டியாக்கும், கட்டற கோஷ்டி வேறயா. நல்லது. நான் போயிருக்கேன், போன வாரம், நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க. பதினோரு மாடி. வாசல்ல ஒரு வரைபடம் மாட்டியிருக்கான், செவப்புப் புள்ளி வச்சு, 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்'னு. பாத்தா, நான் அஞ்சாவது மாடி சிறுநீரகப் பிரிவுல இருக்கேன்! அஞ்சாவது மாடிப் பலகையக் கொண்டாந்து கீழ மாட்டிட்டான். ஒரு பெரியம்மா அதையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க, "நான் இன்னும் ஏறவே இல்லையே"ன்னு. செக்யூரிட்டியக் கேட்டா, அவரு அன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். என்னயக் கேக்கறாரு, கேன்டீன் எங்க இருக்குன்னு.

அப்பறம் அந்த லிஃப்ட். பேசுது. 'கதவுகள் மூடுகின்றன'ன்னு செந்தமிழ்ல சொல்லுது. உள்ள இருந்த பாதிப் பேரு "சரிங்கம்மா"ங்கறான். இந்த ஹார்ட் வார்டுக்கு அங்க பேரு என்ன தெரியுமா? 'இதய நலச் சிறப்பு மையம்'. நலமா இருந்தா அங்க ஏன்யா போறான்? குழாய் இருக்கு, திருகே கெடயாது. கையக் காட்டினா தண்ணி வருமாம். நான் காட்டறேன், வரல. திருப்பிக் காட்டறேன், வரல. எனக்குப் பின்னாடி வந்தவரு ஒரு விரல நீட்டினாரு, கொட்டுது! அந்தக் குழாய்க்கும் நான் உயிரோட இருக்கேனான்னு சந்தேகம் போலருக்கு.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன், சிரிச்சா எனக்கு மூச்சு வாங்கும்... பாருங்க... வாங்குது பாருங்க. இருங்க. ஒரு நிமிஷம்.

ம். போயிடுச்சு.

என்னய சாதாரண நோயாளின்னு நெனச்சுட்டீங்க. அதான் ஸ்பானரோட வந்து நிக்கறீங்க. நான் யாருன்னு இந்த ஆஸ்பத்திரில பழைய ஆளு யாரயாவது கேளுங்க. பழைய ஆளு யாரும் இப்ப இல்ல, அது வேற விஷயம். நான் பரீட்ச கேஸ், மேஸ்திரி. இருபத்தி நாலு வருஷமா.

அப்படின்னா என்னன்னா, இது டாக்டருக்குப் படிக்கற எடம் இல்லையா, கடைசிப் பரீட்சைல புத்தகத்தப் பாத்து எழுதினா மட்டும் பத்தாது. ஒரு நோயாளியப் படுக்க வச்சு, "இவருக்கு என்ன? தொட்டுப் பாத்து, கேட்டுப் பாத்து சொல்லு"ம்பாங்க. அந்தப் படுக்கற ஆளு நான். வருஷத்துக்கு ரெண்டு தடவ கார்டு வரும் வீட்டுக்கு. எனக்கு இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கு. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல வந்தது. மைட்ரல் ஸ்டெனோசிஸ். ரத்தம் அந்தச் சந்துக்குள்ள பூந்து போகும்போது ஒரு சத்தம் வரும். அதுக்குப் பேரு மர்மர்.

எங்க வீட்டம்மாவுக்கு அத மர்மர்னு சொல்ல வராது. 'மர்மம்'பா. "இவருக்கு உள்ள ஒரு மர்மம் இருக்குங்க"ன்னு பக்கத்து வீட்டுல போய் சொல்லி, அவங்க என்னய ஒரு மாதிரி பாத்தாங்க கொஞ்ச நாள்.

அந்த மர்மர் லேசுல கேக்காது மேஸ்திரி. அதான் விஷயமே. மல்லாக்கப் படுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி, ஸ்டெத்தோட சின்ன வாய, இந்தா, இந்த எடத்துல லேசா வச்சுக் கேக்கணும். அழுத்தினாலும் போச்சு. எப்படி இருக்கும்னு ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்வான். தூரத்துல லாரி போற மாதிரின்னு ஒருத்தன். மாடில யாரோ நாற்காலிய இழுக்கற மாதிரின்னு ஒருத்தன். இன்னொருத்தன், "சார், இவருக்குப் பசிக்குது"ன்னுட்டான். நான் எல்லாத்துக்கும் ஆமாமாம்னு தலையாட்டுவேன். நான் எங்க கேட்டேன், என் நெஞ்சுல ஸ்டெத்த வச்சு என் காதுலயா மாட்டினாங்க?

ஆக, யாராவது ஒரு கேஸு தானா இடது பக்கம் திரும்பினான்னு வைங்க, பதில் வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம். எனக்கும் பாவமாத்தான் இருக்கும். மூஞ்சியெல்லாம் வேர்த்து, கை ஜில்லுன்னு ஆகி, ஸ்டெத்த வயித்துல வைக்கறவன்லாம் இருக்கான். நான் மெதுவா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேப்பேன், "இடது பக்கம் திரும்பவா, டாக்டர்?" அவ்வளவுதான். அந்த மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க!

எத்தன பேரு இப்படிப் பாஸாகியிருப்பான்! ஒருத்தன் வந்து சொன்னதில்ல. பரவால்ல. ஆனா பரீட்ச வைக்க வெளிய இருந்து வர்ற பெரிய டாக்டருங்க இருக்காங்க இல்ல, அவங்க என்னயக் கேட்டுட்டு, நிமிந்து, "பாடப் புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு. அற்புதமான கேஸ்"ம்பாங்க. மேஸ்திரி, நான் இஸ்திரிக் கடை வச்சிருக்கறவன். ஒரு இஸ்திரிக்காரன யாரு பாராட்டுவா? சட்ட நல்லா இருந்தா சட்டயத்தான் பாராட்டுவான். என்னய அற்புதம்னு சொன்ன ஒரே எடம் இதுதான். பரீட்ச அன்னிக்கு நானே தேச்ச சட்டயப் போட்டுக்கிட்டு வருவேன். வந்ததும் கழட்டத்தான் சொல்லப் போறாங்க. இருந்தாலும், மடிச்சு வைக்கும்போது மடிப்பு தெரியணும்ல.

இப்ப அதுவும் போச்சு. பொம்மை வந்துடுச்சு.

ஆமா, பொம்மை! மூணாவது மாடில 'திறன் பயிற்சிக் கூடம்'னு ஒண்ணு வச்சிருக்கான். அதுல ஒரு ரப்பர் ஆளு, இடுப்புக்குக் கீழ கெடயாது, வாயத் தொறந்துக்கிட்டு படுத்திருக்கான். பட்டன அமுக்கினா அவன் நெஞ்சுல சத்தம் வரும். ஒண்ணாம் நம்பரு நல்ல இதயம், ரெண்டாம் நம்பரு வேற ஏதோ. ஒம்பதாம் நம்பரு நான்.

ஒம்பதாம் நம்பரு நான்னா... என்னய மாதிரின்னு சொல்லல. நானேதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மைக்க இந்த எடத்துல ஒட்டி, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, அர நாள் படுக்க வச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. "உங்க மர்மர் அவ்வளவு தெளிவா இருக்கு, எல்லாரும் கேக்கணும்"னாங்க. நான் பூரிச்சுப் போயிட்டேன். மூச்ச அடக்குன்னா அடக்கினேன், விடுன்னா விட்டேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல பாருங்க! என் வாயால ஊதி என் அடுப்ப நானே அணைச்சுட்டேன். ரெண்டு வருஷமா கார்டு வரல. அவனுக்கென்ன, மூச்சு வாங்காது, கால் வீங்காது, காலைல பன்னும் பாலும் குடுக்க வேணாம். ஏசி ரூம் வேற. நான் இங்க ஃபேன் இல்லாம கெடக்கறேன்.

மணி என்ன? பத்தே முக்காலா? நெறைய நேரம் இருக்கு.

பேப்பரா? போடலாம். போடறதுக்கென்ன. பயமெல்லாம் இல்ல மேஸ்திரி. கத்தின்னாப் பயப்படற ஆளு நான் இல்ல. யாரு பிடிக்கறான்ங்கறதுதான் கேள்வி. இதோ, கதவத் தாண்டி யாரும் இல்லையே? கிட்ட வாங்க. புது பில்டிங்ல ஆபரேஷன் பண்றாரே, அந்தப் பிரிவுக்கே தலைவர், அவருக்குக் காது கேக்காது.

சத்தியமா! எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? இருபது வருஷத்துக்கு முன்னாடி பரீட்சைக்கு ஒருத்தன் வந்தான். கசங்கல்னு பேரு வச்சேன் மனசுக்குள்ள. வெள்ளக் கோட்டு, அப்படியே வாளியில இருந்து பிழிஞ்சு எடுத்து மாட்டின மாதிரி. காலர் ஒரு பக்கம் மேல பாக்குது, ஒரு பக்கம் கீழ பாக்குது. எனக்குக் கண்ண மூடிக்கலாமான்னு இருந்துச்சு. ஸ்டெத்த வச்சான், மண்டையச் சொறிஞ்சான். "இடது பக்கம் திரும்பவா, டாக்டர்?"னேன். "வேணாம், சௌகரியமா படுங்க"ங்கறான்! என் சர்வீஸ்லயே அப்படி ஒருத்தனப் பாக்கல. நானே திரும்பினேன். அப்பவும் ஒண்ணும் கேக்கல அவனுக்கு. கண்ணுல தண்ணி. பரீட்ச வைக்கறவரு தண்ணி குடிக்க அந்தப் பக்கம் திரும்பினாரா... நான் வாயத் தொறந்து சொல்லிட்டேன். "மைட்ரல் ஸ்டெனோசிஸ்." கிசுகிசுன்னு. பாஸாயிட்டான்.

போன மாசம் புதுத் தலைவர் ரவுண்ட்ஸ் வர்றாருன்னாங்க. கதவுகிட்ட வரும்போதே பாத்துட்டேன். அதே கோட்டு! அதே காலர், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ! அவன நான்தான் பாஸ் பண்ண வச்சேன், இப்ப அவன் கையில என் நெஞ்சு. யாருகிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா மொத கேஸு எம்மேலதான். வந்து ஸ்டெத்த வச்சாரு. வச்சாரு, வச்சாரு, வச்சுக்கிட்டே இருக்காரு. இடது பக்கம் திரும்பச் சொன்னாரு, பரவால்ல, அதாவது கத்துக்கிட்டாரு. கடைசில நிமிந்து, "சத்தம் கொறஞ்சிருக்கே"ன்னாரு. எனக்குத் தெரியாதா! இருபது வருஷத்துல காது இன்னும் மோசமாயிருக்கு!

அதனாலதான் போடல. இப்பப் புரியுதா?

என்ன கேட்டீங்க? ...அவரு வர்றதுக்கு முன்னாடி ஏன் போடலன்னா?

...ம்ம். நீங்க ஸ்பானர் பிடிக்கற ஆளு மாதிரி கேக்கலயே, வக்கீல் மாதிரி கேக்கறீங்க.

முன்னாடி வேற டாக்டருங்க இருந்தாங்கதான். நல்ல டாக்டருங்க. கோட்டுல்லாம் கத்தி மாதிரி நிக்கும். அவங்களும் சொன்னாங்கதான். அப்பல்லாம் நெஞ்சத் தொறக்கக்கூட வேணாம், தொடையில ஒரு ஓட்ட போட்டு, உள்ள பலூன விட்டு வால்வ விரிச்சு விட்டா முடிஞ்சுதுன்னாங்க. மூணு நாள்ல வீட்டுக்குப் போலாம்னாங்க. நான் ஒரு கேள்வி கேட்டேன். "சத்தம் இருக்குமா, டாக்டர்?" அவரு சிரிச்சுட்டு, "அதெல்லாம் போயிடும், கவலப்படாதீங்க"ன்னாரு.

போயிடும்னாரு மேஸ்திரி. போயிட்டா? நான் யாரு? சத்தம் போன இஸ்திரிக்காரனுக்குக் கார்டு எதுக்கு அனுப்பறான்? வீட்டுல போய்... என்ன சொன்னேன்னா... "ஆபரேஷன் தேவயில்லன்னுட்டாங்க"ன்னு சொன்னேன். அவளும் நம்பினா. அடுத்த வருஷம் இன்னொரு டாக்டர் சொன்னாரு. அதே மாதிரிதான். இப்படி ஒண்ணொண்ணா... அது பாட்டுக்குப் போச்சு. இடையில நான் மாடிப் படி ஏறறத விட்டேன். அப்பறம் இஸ்திரிப் பெட்டியத் தூக்கறத விட்டேன். இப்ப கடையில அவதான் நிக்கறா, அஞ்சு வருஷமா. காலைல எட்டு மணிக்கு நின்னான்னா சாயங்காலம் வரைக்கும். தோள்பட்ட எறங்கிப் போயிருக்கு ஒரு பக்கம். நான் பக்கத்துல உக்காந்து மடிச்சுக் குடுப்பேன். "டாக்டருங்களே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க, என் தலையெழுத்து"ன்னு அவ வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லுவா. நான் காலர மடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்.

முந்தாநாள் அவ இங்க வந்திருந்தப்ப, இந்தக் கசங்கல் டாக்டர் என் பழைய கேஸ் ஷீட்டையெல்லாம் கட்டு கட்டாக் கொண்டாந்து வச்சு, ஒண்ணொண்ணா அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டாரு. "ஆபரேஷன் பரிந்துரைக்கப்பட்டது. நோயாளி சம்மதிக்கவில்லை." அடுத்தது, "நோயாளி சம்மதிக்கவில்லை." ஏழு தடவ. நான் இந்தச் செவத்தப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டேன். நாலாவதுக்கு மேல அவ எண்ணறது கேட்டுச்சு எனக்கு. சத்தமே போடல. திட்டிருந்தாலும் திட்டு வாங்கினவனாப் போயிருப்பேன். பையிலேர்ந்து எனக்குக் கொண்டாந்த துண்ட எடுத்து வச்சுட்டு, "கையெழுத்துப் போட்டுட்டுக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி நான் இந்தப் படி ஏற மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. ரெண்டு நாளாச்சு. எனக்கு அவளக் கூப்பிடக்கூட மூஞ்சி இல்ல.

கழட்டணுமா? கழட்டலாம் இருங்க. பாதில விட்டா எனக்குத் தூக்கம் வராது. நேத்து நடந்ததச் சொல்லிடறேன்.

நேத்து மத்தியானம் அந்த டாக்டரே ஒரு சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. ஆளு யாரும் இல்லாம, அவரே. "வாங்க, ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவோம்"னாரு. ராம்ப்ல எறங்கி, புது பில்டிங்குக்கு, அந்தப் பேசற லிஃப்ட்ல மூணாவது மாடிக்குப் போறோம். எனக்குப் பொறுக்கல. எப்படியும் வீட்டுல மானம் போயிடுச்சு, இனி என்னன்னு கேட்டுட்டேன். "டாக்டர், இருபது வருஷத்துக்கு முன்னாடி பரீட்சைல நான் உங்களுக்குப் பதில் சொல்லிக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" அவரு நாற்காலிய நிறுத்திட்டாரு. "நான் இந்தக் காலேஜுல படிக்கலியே"ங்கறாரு! வேற ஊராம், வேற காலேஜாம். பரீட்சைல அவருக்கு வந்தது கல்லீரல் கேஸாம். இங்க வேலைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுதாம்.

அப்ப அது வேற கசங்கல் மேஸ்திரி. நான் கோட்டப் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல. தொழில் அப்படி ஆயிடுச்சு. ஒரு மாசமா அந்த மனுஷனுக்குக் காது கேக்காதுன்னு இந்த வார்டுல பத்துப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அதுல ரெண்டு பேரு அவருகிட்டக் கத்திக் கத்திப் பேசியிருக்காங்க. அவரும் இவங்களுக்குத்தான் காது கேக்காதுன்னு நெனச்சு, பாவம், காது டாக்டர் கிட்ட அனுப்பிச்சிருக்காரு.

பொம்மை ரூமுக்குப் போனோம். அவன் அப்படியே வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கான். டாக்டரு அவரோட ஸ்டெத்தக் கழட்டி என் காதுல மாட்டினாரு. ஒம்பதாம் நம்பரு பட்டன அமுக்கினாரு.

மேஸ்திரி... லாரியும் இல்ல, நாற்காலியும் இல்ல. எப்படிச் சொல்றது... ஒரு பெரிய ஆளு தொண்டயக் கனைச்சுக்கிட்டுப் பேச வர்ற மாதிரி, உர்ர்ர்ர்னு, டப்புன்னு, திருப்பி உர்ர்ர்ர்னு. என்ன கம்பீரம்! நான்தானா இதுன்னு இருந்துச்சு. இதுக்காகத்தான் இருபத்தி நாலு வருஷம்னு தோணுச்சு. தலைய ஆட்டிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டேன். அவரும் விட்டாரு.

அப்பறம் அந்தச் சின்ன வாயத் தூக்கி என் சட்டக்குள்ள, இந்த எடத்துல வச்சாரு. "இப்பக் கேளுங்க"ன்னாரு.

ஒண்ணுமே இல்ல.

நானே திரும்பினேன் இடது பக்கம், நாற்காலியில உக்காந்தமேனிக்கே. மூச்ச விட்டுட்டு அடக்கிக் கேட்டேன். எங்கயோ யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுக்கற மாதிரி, இருக்கா இல்லையான்னு... "வால்வு சரியாயிடுச்சா டாக்டர்?"னேன். பாருங்க, அப்பவும் அப்படித்தான் கேக்கத் தோணுது! அவரு கோவிச்சுக்கல. "சந்து இன்னும் சின்னதாத்தான் ஆயிருக்கு. அதுக்குள்ள ரத்தத்தத் தள்ளற தெம்பு உங்க இதயத்துக்குக் கொறஞ்சு போச்சு. அதான் சத்தம் இல்ல. இப்பப் பண்ணினா இன்னும் வாய்ப்பு இருக்கு. அடுத்த வருஷத்துக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்"னாரு. சொல்லிட்டு என் சட்டப் பொத்தானப் போட்டு விட்டாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, மாத்தி மாத்திப் போட்டாரு. அவரு கோட்டு ஏன் அப்படி இருக்குன்னு புரிஞ்சுது.

எத வச்சுக்கணும்னு நான் ஏழு தடவ வேணாம்னு சொன்னேனோ, அது எங்கிட்ட இல்ல. அந்த ரப்பர் ஆளுகிட்ட இருக்கு. எனக்கு மிச்சம் கால் வீக்கமும், அவளுக்கு எறங்கிப் போன தோளும்தான். நான் பண்ணினது மேஸ்திரி. ஆஸ்பத்திரி பண்ணல, டாக்டர் பண்ணல. ஏழு எடத்துல எழுதியிருக்கு யாரு பண்ணினதுன்னு.

மணி என்ன? ...பதினொண்ணே காலா.

பேனா இருக்கா? பென்சில் வேணாம், அதுல போட்டா நாளைக்கு நானே அழிச்சுடுவேன். அந்த மேசையில ஹெட் சிஸ்டர் ஒண்ணு கட்டி வச்சிருப்பாங்க நூல்ல... மேசையும் போச்சா. உங்க சட்டப் பையில அது என்ன, நீலமா? அதக் குடுங்க. எங்க... 'நோயாளியின் கையொப்பம்'. ம். பேப்பர அந்தப் பக்கம் பிடிச்சுக்கோங்க, மேசை இல்லாததால.

போட்டாச்சு. கீழ ஒண்ணு கேக்கறான். 'சாட்சி'. சாட்சிக்கு நான் எங்க போக? வார்டுல யாரு இருக்கா?... நீங்கதான் இருக்கீங்க. அட, சும்மா போடுங்க மேஸ்திரி. இவ்வளவு நேரம் நின்னு கேட்டீங்களே, உங்கள விட நல்ல சாட்சி எவன் கெடப்பான்? 'உறவு முறை'ன்னு கேட்டிருக்கான். என்னத்தயாவது எழுதுங்க. கட்டில் கழட்டறவர்னு எழுதுங்க, உண்மைதானே.

இப்ப ஒரு ஒத்தாச. இந்தாங்க போனு, 'வீடு'ன்னு இருக்கும் பாருங்க. நீங்களே பேசுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. ஏழு தடவ வேற மாதிரி சொன்ன வாய் இது. ஒண்ணும் நீட்ட வேணாம், "போட்டுட்டாரு, நான் சாட்சி"ன்னு மட்டும் சொல்லுங்க.

...

என்ன சொல்றா? அழறாளா? ...என்னது? கீழயா? கீழன்னா எங்க?

இந்தப் படிக்குக் கீழயா? எப்பலேர்ந்து? ...நேத்து காலைலேர்ந்தா! நேத்தும் நாள் பூரா இங்கதான் இருந்தாளா? படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டு, படியிலயே உக்காந்திருக்காளா!

பாத்தீங்களா மேஸ்திரி இந்த அநியாயத்த? கடைய மூடிட்டு வந்து உக்காந்திருக்கா! கல்யாண வீட்டுக்காரங்க சட்ட, ஸ்கூல் பசங்க துணி, அத்தனையும் அங்க சுருண்டு கெடக்கும். சொல்ல வேணாம் ஒரு வார்த்த? எங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான், ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு வாயத் தொறக்கறதே இல்ல...

சரி. நீங்க அந்தப் பக்கத்து போல்ட்ட எடுங்க. இதோ, எறங்கிட்டேன். கையப் பிடிங்க கொஞ்சம். ...ம். ...இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

இல்ல இல்ல, பிடிச்சுக்கிட்டு எறங்கிடுவேன். இருபது படிதானே. அவ கண்ணு முன்னாடி நான் எப்பவும் நல்லாத்தான் எறங்குவேன். திருப்பத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு, வேர்வையத் தொடச்சுட்டு, அப்பறம் ஒண்ணும் நடக்காத மாதிரி எறங்குவேன். இத்தன வருஷமா அவளுக்கு அது தெரியாது...

...வேணாம் மேஸ்திரி. அந்தச் சக்கர நாற்காலியக் கொண்டாரச் சொல்லுங்க. அவ பாக்கட்டும்.